தோற்ற கட்சியை எதை வைத்து எடைபோடுவது?

ஒவ்வொரு தேர்தல் முடிவு வரும்போதும் யாராவது ஒருவர் "இந்தக் கட்சி அவ்வளவுதான்" என்று எழுதிவிடுகிறார். எனக்கு உடனே 1996 நினைவுக்கு வரும்.

அந்த ஆண்டு அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4 இடங்கள். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். வழக்குகள், கைது, அப்புறம் கட்சிக்குள் பிளவு. ஆனால் 1998 மக்களவைத் தேர்தலில் அவர் அமைத்த கூட்டணி 39 இடங்களில் 30-ஐப் பிடித்தது. 2001-இல் மீண்டும் ஆட்சி.

அதற்கு முன் 1991-இல் தி.மு.க.வுக்கு 2 இடங்கள்தான். ஐந்தே ஆண்டுகளில் அவர்களும் கோட்டைக்குத் திரும்பினார்கள்.

இரண்டு கட்சிகளும் படுதோல்வியிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வைத்திருந்தன. இடங்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வாக்குச்சாவடியில் உட்கார ஆள் இருக்கிறாரா, கிளைச் செயலாளர் இன்னும் கொடி ஏற்றுகிறாரா என்றுதான் நான் பார்ப்பேன். கூட்டணிக் கணக்கெல்லாம் அப்புறம்தான்.

அந்த வேர் பிடிக்காத கட்சிக்கு நிலைமை வேறு. தே.மு.தி.க. 2011-இல் 29 இடங்கள் வென்று எதிர்க்கட்சி ஆனது. 2016-இல் ஒன்றுகூட இல்லை. உளுந்தூர்பேட்டையில் விஜயகாந்தே தோற்றார். அந்த முடிவு எனக்கு இன்றும் வருத்தம்தான். மூன்றாவதாக ஒரு குரல் சட்டமன்றத்தில் நிலைக்கும் என்று அப்போது உண்மையிலேயே நம்பினேன்.