அலைடு ஹெல்த் படிப்பில் சேருமுன் ஆஸ்பத்திரியைப் பாருங்கள்

சித்தி மகள் பிளஸ் டூ முடித்ததும், "அக்கா, நானும் உன்ன மாதிரி டயாலிசிஸ் கோர்ஸ் எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்திகரிக்கும் டெக்னீஷியன் வேலைக்கான படிப்பு அது; டாக்டர், நர்ஸ் அல்லாத இது மாதிரி மருத்துவத் துறைப் படிப்புகளைத்தான் அலைடு ஹெல்த் என்கிறார்கள். சரி என்று சொல்வதற்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு மூன்று கல்லூரிகளுக்குப் போய்வந்தேன். நான் சேர்ந்தபோது என்ன கேட்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா பஸ் வசதியைப் பார்த்தார், ஃபீஸைப் பார்த்தார், சேர்த்துவிட்டார்.

நான் படித்த கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. போஸ்டிங்குக்கு, அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு, வெளியே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே 6 மெஷின், ஒரு ஷிஃப்ட்டுக்கு நாங்கள் 22 பேர். ஊசி போடுவதை ஒருவர் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் நின்று எட்டிப் பார்ப்போம். நோயாளிக்கும் அது சங்கடம். மூன்றாம் வருடம் முடிந்தபோது நானே ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாயில்) ஊசி போட்டது மூன்றே தடவை. நாங்கள் செய்ததைப் பதிவுசெய்யும் லாக் புக்கில் இருந்த எண்ணிக்கை வேறு.

இன்டர்ன்ஷிப்புக்கு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் வேலையையே கற்றுக்கொண்டேன். அங்கிருந்த சீனியர் டெக்னீஷியன் அண்ணன், முதல் நாளே என் விரலைப் பிடித்து ஒரு பெரியவரின் முன்கையில் வைத்தார். தோலுக்கடியில் பூனை உறுமுவது மாதிரி ஓர் அதிர்வு. "இதுதான் த்ரில். இது இல்லன்னா ஊசியத் தொடாத, டாக்டரக் கூப்பிடு" என்றார். அடுத்த வாரம் ஓர் அம்மா டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டார். தூக்கம் வருகிறது போல என்று நான் நினைத்தேன். அண்ணன் ஓடி வந்து தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, நீர் எடுப்பதை நிறுத்தி, சலைன் திறந்துவிட்டார். பிபி பார்த்தால் 80/50-க்கு இறங்கியிருந்தது. மெஷின் இன்னும் அலாரம் அடிக்கவே இல்லை. அந்தக் கொட்டாவியின் அர்த்தத்தை மூன்று வருடத்தில் யாரும் எனக்குக் காட்டியிருக்கவில்லை.

அதனால்தான் சித்தி மகளோடு போனபோது வகுப்பறையை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. காலை ஏழு மணிக்கு, முதல் ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில், போஸ்டிங் நடக்கும் டயாலிசிஸ் யூனிட் வாசலுக்குப் போனோம். ஒரு நோயாளிக்குப் பொதுவாக வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். 10 மெஷின் மூன்று ஷிஃப்ட் ஓடினால் ஒரு நாளைக்கு 30 டயாலிசிஸ். அதை எத்தனை மாணவர்கள் பங்கு போடுகிறார்கள் என்று வகுத்துப் பாருங்கள். மெஷின்கள் உறை போட்டு மூடிக்கிடந்தால் ஏன் என்று கேளுங்கள். டயாலிசிஸுக்கான தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அறையைக் காட்டச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 500 மில்லி என்று ஓடினால் ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் தண்ணீர் போகிறது. அந்தத் தண்ணீரில் குளோரின் பார்ப்பது யார், மாணவர்களுக்கு அதைச் செய்யக் கொடுக்கிறார்களா என்பது முக்கியம்.

மற்ற படிப்புகளுக்கும் இதே கணக்குதான். பெர்ஃப்யூஷன் (இதய ஆபரேஷனில் ஹார்ட்-லங் மெஷினை இயக்கும் படிப்பு) என்றால் வாரத்துக்கு எத்தனை ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன் நடக்கிறது என்று கேளுங்கள். ரேடியோகிராஃபி என்றால் சி.டி., எம்.ஆர்.ஐ. அங்கேயே இருக்கிறதா, மாணவர்களுக்கு டி.எல்.டி. பேட்ஜ் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். வாங்கிய கதிர்வீச்சை அளப்பது அந்தச் சின்ன பேட்ஜ்தான். அது இல்லாமல் பிள்ளையை எக்ஸ்ரே அறைக்குள் அனுப்பச் சம்மதிக்காதீர்கள்.

இன்னொன்றையும் விடாமல் கேளுங்கள்: போஸ்டிங்குக்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுகிறார்களா? மூன்று டோஸ், முடிய ஆறு மாதம் ஆகும். முதல் வருடமே தொடங்கினால்தான் ரத்தத்தைத் தொடுவதற்குள் முடியும். ஊசி குத்திவிட்டால் யாரிடம் ஓட வேண்டும் என்று அங்குள்ள மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாங்கள் போன ஒரு கல்லூரியில் மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். அந்தக் கல்லூரியை அன்றே விட்டுவிட்டோம்.

அட்மிஷன் ஆபீஸில் கேட்பதைவிட இன்டர்ன்களிடம் கேளுங்கள். ஸ்டைபண்ட் (இன்டர்ன்ஷிப் உதவித்தொகை) கைக்கு வருகிறதா, இரவு ஷிஃப்ட்டில் கூட ஒரு டெக்னீஷியன் இருக்கிறாரா, அல்லது ஆள் பற்றாக்குறைக்கு உங்களைத் தனியாக நிறுத்துகிறார்களா என்று அவர்கள்தான் உண்மையைச் சொல்வார்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரிக்கு நர்சிங் அனுமதி இருப்பதால் டயாலிசிஸுக்கும் இருக்கிறது என்று ஆகாது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்றால், நீங்கள் சேரும் படிப்புக்கு, நீங்கள் சேரும் வருடத்துக்கு இணைப்பு இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்திடமே உறுதிசெய்யுங்கள். 2021-இல் வந்த அலைடு ஹெல்த்கேர் சட்டப்படி அலைடு ஹெல்த் புரொஃபஷனலுக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும்; ஹெல்த்கேர் புரொஃபஷனல் பிரிவுக்கு 3,600. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லிவிட்டது. ஆகவே வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு வேலை ஆசை இருந்தால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி.யின் பழைய அறிவிப்புகளை எடுத்து, அந்தப் பதவிக்குத் தகுதியாக எந்தப் படிப்பின் பெயர் எழுதியிருக்கிறது என்று சேருமுன்பே படித்துவிடுங்கள். படிப்பின் பெயர் ஒரு சொல் மாறினாலும் பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் அலைச்சல்.

மூன்றாவதாகப் பார்த்த கல்லூரி சின்னது. கேன்டீன் சுமார்தான். ஆனால் ஆஸ்பத்திரி அதே காம்பவுண்டுக்குள் இருந்தது, 14 மெஷின், பேட்ச்சுக்கு 20 பேர். யூனிட்டில் ஒரு மூன்றாம் வருடப் பெண் ரத்தத்தை வடிகட்டும் டயலைசரைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டெக்னீஷியன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார், குறுக்கே வரவில்லை. சித்தி மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அங்கே சீட் பிடித்துவைக்க ஒரிஜினல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் உடனே கொடுங்கள் என்றார்கள். சித்தி பையைத் திறந்துவிட்டாள். நான் தடுத்து, ஜெராக்ஸ் மட்டும் கொடுத்தேன். கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரி கிடைத்தால் ஒரிஜினல் கையில் இருக்க வேண்டும். கல்லூரிகள் ஒரிஜினலைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. அதை எடுத்துச் சொன்னதும் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு, கட்டிய பணத்துக்கு ரசீது போட்டுக் கொடுத்தார்கள்.