கடனட்டையில் தொடங்கும் குடியேற்றம்: கனடாவின் முதல் ஆண்டுகளும் நம் கொண்டாட்டங்களும்

கனடாவுக்கு வந்து வங்கிக் கணக்குத் திறக்கிற அன்றே கடனட்டையும் கைக்கு வந்துவிடுகிறது. இங்கே கடன் வரலாறு இல்லாத புதியவர்களுக்கும் பெரிய வங்கிகள் அதைக் கொடுக்கின்றன. வேண்டாமென்று ஒதுக்கவும் முடியாது. வீடு வாடகைக்குக் கேட்டாலும் கைபேசி இணைப்பு எடுத்தாலும், 300இலிருந்து 900 வரையான கடன் புள்ளியைத்தான் பார்ப்பார்கள். ஈக்குவிஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள் அதைக் கணிக்கின்றன. கடனே எடுக்காதவருக்குப் புள்ளியும் இல்லை. கடன்படுவது தகுதியாகிவிட்ட இடத்தில், தேவைக்கு வாங்குவதும் கிடைக்கிறதென்று வாங்குவதும் இரண்டு மூன்று வருடங்களுக்குள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. வீட்டுக்கடனையும் சேர்த்தால், கனேடியக் குடும்பங்கள் கையில் வரும் ஒவ்வொரு டொலர் வருமானத்துக்கும் 1.70 டொலருக்கு மேல் கடன்பட்டிருக்கின்றன. புதிதாக வருபவர் கண்டு பழகுவது இந்த வாழ்க்கையைத்தான்.

அட்டையின் விதி எளிது. மாதக் கணக்கு முடிந்த பிறகு குறைந்தது 21 நாள் தவணை உண்டு. அதற்குள் முழுத்தொகையையும் கட்டினால் வாங்கிய பொருளுக்கு வட்டி இல்லை. ஊருக்கு அவசரமாக அனுப்புவதற்கென்று அட்டையிலிருந்து காசாக எடுத்தால் இந்தச் சலுகை கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பலர் மாட்டிக்கொள்வது ‘குறைந்தபட்சக் கொடுப்பனவு’ என்ற கட்டத்தில். சில அட்டைகளில் அது அந்த மாத வட்டியும் 10 டொலரும் மட்டும். 19.99 வீத வட்டியில் 3,000 டொலர் நிலுவை இருக்கிறதென்று வையுங்கள். மாதம் 10 டொலர்தான் முதல் தொகையில் கழியும். கட்டி முடிக்க 300 மாதம், அதாவது 25 வருடம். வட்டி மட்டும் சுமார் 7,500 டொலர். அந்த 3,000 டொலரில் வாங்கிய தொலைக்காட்சி அதற்குள் எத்தனை தரம் மாறியிருக்கும்! கியூபெக் மாகாணம் குறைந்தபட்சத்தைப் படிப்படியாக உயர்த்தி 2025இல் நிலுவையின் 5 வீதத்துக்குக் கொண்டுவந்தது. மற்ற இடங்களில் நாமே அந்த 5 வீதத்தை நமக்கு விதியாக வைத்துக்கொள்ளலாம். மாதக் கணக்கிலேயே, குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் எத்தனை வருடம் ஆகுமென்று அச்சிட்டிருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

காரை அதன் முழு விலையைச் சொல்லி விற்பதில்லை, இரு வாரக் கட்டணத்தைச் சொல்லித்தான் விற்கிறார்கள். 35,000 டொலர், 8 வீத வட்டி, 84 மாதம் என்றால் இரு வாரத்துக்கு ஏறத்தாழ 252 டொலர். கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் வருடத்தில் 26 கட்டணம். மொத்த வட்டி 10,800 டொலரைத் தாண்டும். அதே கடனை 60 மாதத்தில் முடித்தால் வட்டி 7,600க்குள் நிற்கும். இரண்டு வருடத்தில் கார் அலுத்து மாற்றப் போகிறவருக்கு இன்னும் 26,900 டொலர் அளவில் கடன் மீதி இருக்கும். கார் அவ்வளவுக்குப் போகாவிட்டால், குறைகிற தொகை புதிய காரின் கடனில் ஏறும். ஒன்ராறியோ மாகாணத்தில் விற்பனையகத்தில் கையெழுத்திட்ட பிறகு, மனம் மாறியதென்று காரைத் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

இவையெல்லாம் எல்லாச் சமூகத்துக்கும் உள்ளவை. தமிழர்களாகிய நம்மிடத்தில் இந்தப் பழக்கம் ஆழமாகத் தைத்தது கொண்டாட்டங்களில். ஊரில் கலியாண வீடென்றால் சில நாள் முன்னரே பலகாரச் சூடு தொடங்கும். மாமிமாரும் சித்திமாரும் அயலட்டைப் பெண்களும் கூடியிருந்து பயற்றம் பணியாரம், முறுக்கு சுடுவார்கள். பந்தலும் வாழையும் தோரணமும் இளந்தாரிகளின் பொறுப்பு. இன்று எனக்கு வந்தவளுக்கு நாளை நான் போவேன் என்பதுதான் உறவின் கணக்கு. ரொறன்ரோப் பகுதியில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து மண்டபங்களில் அந்த வேலை ஒவ்வொன்றுக்கும் விலை இருக்கிறது: மணவறை, ஆராத்தித் தட்டு, ஒப்பனை, வெளிப்புறப் படப்பிடிப்பு, ட்ரோன். சாமத்தியவீட்டில் (பூப்புனித நீராட்டு விழாவில்) பிள்ளை எத்தனை தரம் சேலை மாற்றுகிறாள் என்பதையும் படப்பிடிப்பு நேரமே தீர்மானிக்கிறது. பெரியம்மாவுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. விருந்தாளியாக வந்து, சாப்பிட்டு, படமெடுத்துப் போகிறார். பண்பாட்டுக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு இதுதான். சடங்கு அப்படியே இருக்கிறது, அதைச் சேர்ந்து செய்த கைகள்தான் இல்லை.

மண்டப ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது குறைந்தபட்ச எண்ணிக்கை. 300 பேருக்கென்று ஒப்பமிட்டால், 220 பேர் வந்தாலும் 300 தட்டுக்குக் கட்ட வேண்டும். தட்டு 60 டொலர், சேவைக் கட்டணம் 15 வீதம், அதன்மேல் எச்எஸ்ரி என்ற விற்பனை வரி 13 வீதம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 23,391 டொலர். தட்டு உண்மையில் 78 டொலர். விருந்தினர் காசு வைத்துத் தரும் என்வலப்பில் செலவு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அழைப்புப் பட்டியல் நீளும். ஒரே சனிக்கிழமையில் மூன்று விழா, அல்லது பனிப்புயல் என்றால் அந்தக் கணக்கு பிழைத்துவிடும். விருந்தினரும் தட்டு விலையை ஊகித்துத்தான் என்வலப்பில் வைக்கிறார்கள். குறைந்த சம்பளத்தில் புதிதாக வந்த குடும்பம், நாலு பேருக்கு அவ்வளவு வைக்க முடியாமல் வராமலே நின்றுவிடுகிறது. சுற்றம் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அவர்கள் அதிலிருந்து விலகிப்போகிறார்கள்.

சீட்டும் இதற்குள் வந்துவிட்டது. 20 பேர், மாதம் 500 டொலர் என்றால் சீட்டு 10,000. முதல் மாதம் ஒருவர் 2,000 கழிவு கூறி எடுத்தால் அவர் கைக்கு 8,000. கழிவு பிரிந்து அந்த மாதம் ஆளுக்கு 400 கட்டினால் போதும். எடுத்தவர் மீதி 19 மாதமும் கட்டியே ஆகவேண்டும். வீடு வாங்க முற்பணம் சேர்க்கவும், கடை தொடங்கவும் உதவிய நல்ல முறை இது. விழாவுக்கென்று முதல் மாதங்களில் அதிகக் கழிவுக்கு எடுக்கும்போது அதுவே விலைகூடிய கடனாகிறது. வேலை போனால் ஒரு தவணை தவறும். எழுத்தில் எதுவும் இல்லாததால், உறவை முறித்துத்தான் காசைக் கேட்க வேண்டிவரும்.

பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. கியூபெக்கில் 13 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து வணிக விளம்பரம் செய்வதற்கு 1980 முதல் தடை இருக்கிறது. ஒன்ராறியோவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே வீட்டுச் செலவுக் கணக்கைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டிப் பேசுவது நல்லது. விழாவில் இரண்டு ‘பக்கேஜ்’ குறைத்து, பிள்ளையின் பதிவுபெற்ற கல்விச் சேமிப்புத் திட்டத்தில் வருடம் 2,500 டொலர் போட்டால், அரசு 20 வீதமாக 500 டொலர் சேர்க்கும். ஒரு பிள்ளைக்கு மொத்தம் 7,200 வரை. வருமானம் குறைந்த குடும்பமென்றால் 2004இலோ அதற்குப் பின்னரோ பிறந்த பிள்ளைக்குக் கனடா கற்றல் பத்திரம் என்ற அரசு உதவியில் 2,000 டொலர் வரை கிடைக்கும். அதற்குப் பெற்றோர் ஒரு சதமும் போடத் தேவையில்லை, ஆனால் கணக்குத் திறந்து விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் தவறவிட்டிருந்தால், பிள்ளையே 18 வயதானதும் கேட்கலாம். 21ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாளோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடும்.