ஒன்றும் ஆகாது

"ஒரு தடவைதானே, ஒன்றும் ஆகாது. இனிமேல் மட்டும் வேண்டாம்" என்று நான் சொன்னதும் அவர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அதுவரை அதைத் திறப்பதும் மூடுவதுமாகவே உட்கார்ந்திருந்தவர், என் பதிலைக் கேட்டதும் ஒரே இழுப்பில் மூடிவிட்டு எழுந்தார். அந்தச் சிறு ஓசை எனக்கு நிறைவாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயந்து வந்த ஒருவரைப் பயம் நீக்கி அனுப்பிவிட்டோம் என்ற நிறைவு அது. பிறகு நடந்தவற்றை எத்தனையோ முறை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த ஜிப் மூடிய இடத்திலேயே வந்து நிற்கிறேன்.

அவருக்கு அப்போது இருபத்தேழு வாரக் கர்ப்பம். இரண்டு நாள் முன்பு, அப்படியே உண்ணலாம் என்று உறையில் அடைத்து விற்கப்படும் பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, சூடாக்காமல், ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். அன்றிரவே, உணவு வழியாக வரும் லிஸ்டீரியா என்ற கிருமியைப் பற்றி எங்கோ படித்துவிட்டு உறங்காமல் கிடந்திருக்கிறார். உறையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். "தேதி முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது மேடம். முகர்ந்துகூடப் பார்த்தேன், வாடை எதுவும் இல்லை" என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். தேதியும் வாடையும் இந்தக் கிருமியின் விஷயத்தில் சாட்சி ஆகா என்பது எனக்குத் தெரியும். லிஸ்டீரியா உணவைக் கெடுத்து நாற வைப்பதில்லை. பிற கிருமிகள் பெரும்பாலும் அடங்கிவிடும் நான்கு டிகிரிக் குளிரிலும் அது மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும். உறைய வைத்தாலும் சாகாது. உள்வரை ஆவி பறக்கச் சூடாக்கினால், அதாவது 74 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டுபோனால், செத்துவிடும். இவற்றில் எதையும் அவரிடம் நான் சொல்லவில்லை. படத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். "இதைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், அழித்துவிடுங்கள்" என்றும் சொன்னேன். சிரித்துக்கொண்டே என் முன்னாலேயே அழித்தார்.

ஏன் சுருக்கமாகச் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன் வேறொரு கர்ப்பிணிக்கு எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். காய்ச்சாத பால், அதில் செய்த மென்மையான பாலாடைக்கட்டி, சூடாக்காத பதப்படுத்திய இறைச்சி, குளிர்ப்புகையிட்ட மீன், வெட்டி வைத்து நேரம் கடந்த முலாம்பழம், பச்சையாக உண்ணும் முளைகள் என்று அச்சிட்ட தாளில் ஒவ்வொன்றாக அடிக்கோடிட்டு, கர்ப்பிணிகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் பத்து மடங்கு என்ற கணக்கையும் சொன்னேன். அடுத்த முறை எடை பார்க்க வந்தபோது அவர் எடை கூடியிருக்கவில்லை. முந்தையதைவிடச் சற்றுக் குறைந்தே இருந்தது. பழத்தை நிறுத்திவிட்டார், முறையாகக் காய்ச்சிய பாலில் தோய்த்த தயிரைக்கூட நிறுத்திவிட்டார். தன் கண் முன்னால் கொதித்த எதையாவது மட்டும் கொஞ்சம் உண்டு நாளைக் கடத்தியிருந்தார். பத்து மடங்கு என்பதை மட்டும் சொல்லி, எதன் பத்து மடங்கு என்பதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. அமெரிக்கா போன்ற பெரிய நாட்டிலேயே ஆண்டுக்குச் சுமார் 1,600 பேர் என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த மதிப்பீடு. மிக அரிதான ஒன்றைப் பத்தால் பெருக்கினாலும் அது அரிதாகவே இருக்கும். அதே வேளையில், அந்த அரிது நேர்ந்துவிட்டால் தாய்க்கு லேசான காய்ச்சலும் உடல்வலியுமாகக் கடந்துபோவது, வயிற்றுப் பிள்ளைக்குக் கருச்சிதைவாகவோ இறந்து பிறப்பதாகவோ குறைமாதப் பிரசவமாகவோ முடியலாம். அரிது, ஆனால் கொடிது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் ஒருவருக்குப் புரியும்படி சொல்ல இன்றுவரை எனக்குச் சரியாக வரவில்லை. அந்தப் பெண்ணின் எடையைப் பார்த்த நாளிலிருந்துதான் சுருக்கமாகச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

நான் கொடுக்கும் தாளின் தலைப்பு 'கர்ப்பிணிகளுக்கு ஆகாதவை'. அதைக் கையில் கொடுத்துக்கொண்டே 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லியிருக்கிறேன் என்பது மிகவும் பிந்தித்தான் உறைத்தது. உடம்புக்கு ஆகாது என்றால் தீங்கு. ஒன்றும் ஆகாது என்றால் தீங்கில்லை. ஒரே சொல்லை ஒரே நிமிடத்தில் இரண்டு பக்கமும் பேச வைத்திருக்கிறேன். கேட்பவர் தமக்குத் தேவைப்பட்ட பக்கத்தை எடுத்துக்கொண்டு போகிறார்.

இருபத்தாறாம் நாள் அவர் காய்ச்சலோடு வந்தார். 38.6 டிகிரி, முதுகுவலி, உடல் முழுவதும் நோவு. வீட்டிலேயே இரண்டு நாள் பொறுத்திருந்திருக்கிறார். சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம் என்று கருதிய மருத்துவர் அதற்கு வழக்கமாகத் தரும் செஃபலோஸ்போரின் வகை மருந்தைத் தொடங்கச் சொல்லிக்கொண்டே, ஏன் முதல் நாளே வரவில்லை என்று கேட்டிருக்கிறார். "ஒன்றும் ஆகாது என்று மேடம் சொன்னார்கள்" என்று பதில் வந்திருக்கிறது. எது ஒன்றும் ஆகாது என்று அவர் திருப்பிக் கேட்டபோதுதான் இறைச்சிக் கதை வெளியே வந்தது. செஃபலோஸ்போரின்கள் லிஸ்டீரியாவிடம் எடுபடா. அதற்கு ஆம்பிசிலின் வேண்டும். ரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் அதையும் சேர்த்துத் தொடங்கினார்கள்.

அன்று மாலை மருத்துவர் என்னைத் தேடி வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "எந்தத் தேதியில், எந்தப் பொருளைச் சாப்பிட்டார் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். நோயாளிக் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'உணவுப் பாதுகாப்பு குறித்து அறிவுரை வழங்கப்பட்டது.' எவ்வளவு ஒழுங்கான வரி. அதில் பொய் எதுவும் இல்லை. அவர் சாப்பிட்டார் என்ற செய்தியும் இல்லை. பொருளின் பெயரும் தேதியும் இருந்த படமோ, என் சொல்கேட்டு அழிந்துபோயிருந்தது.

ஐந்து நாள் கழித்தும் ரத்தத்தில் எதுவும் வளரவில்லை. சிறுநீரில் ஈ.கோலி என்ற வேறொரு கிருமி வளர்ந்தது, சிறுநீரகத் தொற்றுதான் என்று உறுதியானது. ஆம்பிசிலினை நிறுத்தினார்கள். காய்ச்சல் தணிந்தது, பிற்பாடு மாதம் நிறைந்து பிரசவமும் நலமாக முடிந்தது. "ரத்தத்தில்தான் ஒன்றும் வளரவில்லையே, பிறகு என்ன? நீ சொன்னபடிதானே நடந்தது" என்றார் எங்கள் மூத்த செவிலியர். உண்மைதான். நான் சொன்னபடி அந்த இறைச்சியால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் சொன்னதால் இரண்டு நாள் ஆகியிருக்கிறது. கர்ப்பத்தில் சிறுநீரகத் தொற்றோடு இரண்டு நாள் வீட்டில் படுத்திருப்பதும் விளையாட்டல்ல. இறைச்சியைப் பற்றி நான் கொடுத்த உறுதியை, அவர் தமக்கு வரக்கூடிய எல்லாக் காய்ச்சலுக்கும் கொடுத்த உறுதியாக எடுத்துக்கொண்டிருந்தார்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2014-இல் வெளியிட்ட வழிகாட்டல், லிஸ்டீரியா கலந்ததாகச் சந்தேகிக்கப்படும் உணவை உண்ட கர்ப்பிணிக்கு அறிகுறி எதுவும் இல்லையென்றால் சோதனையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்றே சொல்கிறது. இவர் உண்டது சந்தேகத்துக்கு உள்ளாகித் திரும்பப் பெறப்பட்ட பொருள்கூட இல்லை. மலத்தைச் சோதிப்பதாலும் பயன் இல்லை. நோயே இல்லாதவர்களின் மலத்திலும் இந்தக் கிருமி சில வேளை இருந்துவிட்டுப் போகும். ஆக, அன்று அந்த அறையில் அவருக்குச் செய்வதற்கென்று எதுவுமே இருக்கவில்லை. சொல்வதற்கு மட்டும் ஒன்று இருந்தது, அதே வழிகாட்டலில் அடுத்ததாகவே இருக்கிறது: இரண்டு மாதத்துக்குள் அறிகுறி தோன்றினால் வரச் சொல்லுங்கள். 38.1 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்து வேறு காரணம் தெரியவில்லையென்றால், சோதனையையும் மருந்தையும் ஒருசேரத் தொடங்க வேண்டும். முதல் பாதி எனக்கு மனப்பாடம். இரண்டாம் பாதியும் மனப்பாடம்தான். அதைச் சொன்னால் ஜிப் மறுபடி திறந்துவிடும் என்று நினைத்தேன்.

இதற்குப் பிறகுதான், 1981-இல் கனடாவின் கடலோர மாகாணங்களில் நடந்ததை மறுபடி எடுத்துப் படித்தேன். லிஸ்டீரியா உணவு வழியாக மனிதருக்கு வருகிறது என்பதை மருத்துவ உலகம் உறுதியாக அறிந்துகொண்டது அப்போதுதான். மொத்தம் 41 பேர். அவர்களில் 34 பேர் கர்ப்பத்தோடும் பிரசவத்தோடும் தொடர்புடையவர்கள். காரணம், நறுக்கிய முட்டைக்கோசில் செய்த சாலட். கோசு விளைந்த வயலுக்கு ஆட்டெரு இட்டிருந்தார்கள், அந்த மந்தையில் லிஸ்டீரியாவால் ஆடுகள் இறந்திருந்தன, அறுவடை செய்த கோசைக் குளிர்காலம் முழுதும் குளிர்ந்த கிடங்கில் வைத்திருந்தார்கள். கெடாமல் இருக்கட்டும் என்று வைத்த குளிர்தான் கிருமிக்கு மட்டும் தோதாக இருந்திருக்கிறது. மாணவப் பருவத்தில் இதைத் தேர்வுக்காகப் படித்தபோது ஆட்டெருதான் நினைவில் நின்றது. இந்த முறை வேறோர் இடத்தில் கண் நின்றுவிட்டது: ஒரு நோயாளியின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மிச்சமிருந்த சாலடில் கிருமி கிடைத்தது என்ற இடத்தில். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில், சில வேளை எழுபது நாள் வரைகூடக் கழித்து வெளிப்படும் நோய் இது. போன மாதம் இன்ன நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? எதையாவது மிச்சம் வைத்திருந்த ஒருவரால்தான் சங்கிலி பிடிபடுகிறது. என்னிடம் வந்தவர் மிச்சம் வைத்திருந்தார். அதைத்தான் அழிக்கச் சொன்னேன்.

இதை எழுதும்போதே, மிகைப்படுத்துகிறேனோ என்றும் தோன்றுகிறது. இறுதியில் அது லிஸ்டீரியாவே இல்லை; படம் இருந்திருந்தாலும் யாருக்கும் பயன்பட்டிருக்காது. இன்னொரு பக்கம், என் வாக்கியத்தை அவர் மருத்துவரிடம் அப்படியே ஒப்பித்திராவிட்டால் ஆம்பிசிலின் என்ற யோசனையே யாருக்கும் வந்திருக்காது. அவரைத் தாமதிக்க வைத்த வாக்கியமே மருத்துவரை எச்சரிக்கவும் செய்தது. இதை எந்தப் பக்கம் வரவு வைப்பது? கணக்குப் பார்க்கும் இரவுகளில், எடை குறைந்து வந்த அந்த முதல் பெண்ணும் வந்து தராசின் மறுதட்டில் ஏறிக்கொள்கிறார்.

இப்போதெல்லாம் கூடுதலாகப் பேசுகிறேன். "வாய்ப்பு மிகக் குறைவு. இப்போது சோதனையும் மருந்தும் வேண்டாம். ஆனால் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், லேசாக இருந்தாலும், அன்றைக்கே வந்து, இன்னதைச் சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள்." என்ன பொருள், எந்தத் தேதி என்பதைக் குறிப்பேட்டில் எழுதுகிறேன், உறை இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வருபவர்களுடைய முகம் முன்போலத் தெளிவதில்லை. எடைத் தாள்களைக் கூடுதல் கவனத்தோடு பார்த்து வருகிறேன். இதுவரை யாரும் குறையவில்லை, குறைந்தால் என்ன செய்வேன் என்று தெரியாது.

சென்ற வாரம் வந்தவர் முப்பத்து மூன்று வாரக் கர்ப்பிணி, அதே கேள்வி, வேறு உணவு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் இரண்டு மாதமும் நான் பயந்துகொண்டே இருக்க வேண்டுமா, மேடம்?" என்றார். 'ஒன்றும் ஆகாது' நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, நாட்காட்டியைப் புரட்டி, இரண்டு மாதம் முடியும் தேதியைத் தாளின் மேல் மூலையில் எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தத் தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தமக்குக் குறித்திருக்கும் பிரசவத் தேதி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறதே என்றார்.