ஃப்ளூ காய்ச்சல், வலிப்பு, அதன் பிறகு தெளியாத மகன்

காய்ச்சலோடு வலிப்பு வருவது சின்னக் குழந்தைகளிடம் அபூர்வமில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு வருகிறது. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் நின்று, குழந்தை கொஞ்சம் தூங்கி எழுந்து பழையபடி ஆகிவிடும். என் மூன்று வயது மகனுக்கு அப்படி ஆகவில்லை.

இருமலும் மூக்கொழுகலுமாக இருந்தவனுக்கு 103 டிகிரி காய்ச்சல் ஏறியது. கை கால் வெட்டி இழுத்து, கண் மேலே சொருகியது. மாமியார் இரும்புச் சாவியோடு ஓடிவந்தார். "வேண்டாம் அத்தை, கையில எதுவும் கொடுக்க வேண்டாம்" என்று அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கணவர் நேரத்தைக் கவனித்தபடி வீடியோ எடுத்தார். டாக்டருக்கு அந்த வீடியோ ரொம்ப உதவியது.

வலிப்பு நின்றது. மருத்துவமனையில் காய்ச்சலும் இறங்கியது. ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை, என்னையே யாரோ போலப் பார்த்தான். சாதாரணக் காய்ச்சல் வலிப்பென்றால் ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை தெளிந்துவிட வேண்டும். பணியிலிருந்த டாக்டர் தூங்கட்டும் என்றார். "இது அவன் தூங்குற தூக்கம் இல்ல சார், அவனுக்கு அம்மாவைத் தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். குழந்தைகள் நரம்பியல் டாக்டர் வந்து பார்த்ததும் ஐசியூவுக்கு மாற்றினார்.

மூக்கில் எடுத்த பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூ வைரஸ் என்று வந்தது. முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றபோது, கால் விளங்காமல் போய்விடுமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போகும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டோம். நீரில் கிருமி எதுவும் இல்லை. அப்படியென்றால் மூளை ஏன் பாதிக்கிறது என்று கேட்டேன். ஃப்ளூவில் பெரும்பாலும் வைரஸ் மூளைக்குள் போவதில்லையாம். அதை எதிர்க்க உடல் கிளப்பும் அழற்சி அளவு மீறும்போது மூளை பாதிக்கப்படுகிறதாம். சில குழந்தைகளுக்கு மூளையின் உள்ளே தலாமஸ் என்ற பகுதி சேதமாகி உயிருக்கே ஆபத்தாகிவிடும். எம்ஆர்ஐயில் அவனுக்கு அது இல்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி பரிசோதனையில் அலைகள் மந்தமாக இருந்தன. ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மருந்தும் வலிப்பு மருந்தும் கொடுத்தார்கள்.

மெல்லத் தெளிந்தான். முதலில் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். பேச்சு கடைசியாகத்தான் வந்தது, நடை கொஞ்ச நாள் தள்ளாடியது.

இப்போது வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே வீட்டிலும் அவன் பள்ளியிலும் இருக்கிறது. வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் அடிக்க வேண்டும், ஆசிரியைக்கும் செய்து காட்டியிருக்கிறோம். ஃப்ளூ தடுப்பூசி வருடா வருடம் போடுகிறோம், வீட்டில் பெரியவர்களுக்கும் சேர்த்து.