ஹோமா

சுவாஹிலியில் காய்ச்சலுக்கு ஹோமா என்று பெயர். தான்சானியாவின் தார் எஸ் சலாமுக்கு வந்த மூன்றாம் மாதம், என் கணவர் போர்வைக்குள் சுருண்டு கிடந்ததைப் பார்த்து வீட்டுவேலைக்கு வரும் பெண் அந்தச் சொல்லைச் சொன்னபோது, எனக்குக் கணபதி ஹோமம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த மூச்சிலேயே "மலேரியா" என்றும் சொல்லிவிட்டாள். நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அவளை எல்லோரும் தாதா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் தாதா என்றால் ரௌடி, இங்கே அக்கா. தாதா சொன்னால் அப்பீல் இல்லை என்பது மட்டும் இரண்டு ஊருக்கும் பொது.

என் கணவர் கோயம்புத்தூர் பம்புசெட்டுகளை இங்கே விற்கும் வேலையில் இருக்கிறார். பக்கத்துத் தெருவில் இருந்த தனியார் கிளினிக்குக்கு பஜாஜியில் போனோம். ஆட்டோவுக்கு இங்கே பஜாஜி என்றுதான் பெயர். விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுத்து, அரை மணி நேரத்தில் ஒரு சீட்டு கொடுத்தார்கள்: மலேரியா, இரண்டு பிளஸ். பிளஸ் கூடினால் ரத்தத்தில் கிருமி அதிகம் என்று அர்த்தம். மருந்துக்கடையில் முஸேதோ கொடுத்தார்கள். இரண்டு மருந்து கலந்த மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை, பாலோ எண்ணெய்ப் பண்டமோ சேர்த்துச் சாப்பிட்டால்தான் உடம்பில் நன்றாக ஏறும். அரிசியும் பச்சைப்பயறும் சேர்த்து வேகவைக்கும் நம் பொங்கல் மாதிரியான சாப்பாட்டுக்கும் அதே பெயர்தான். காய்ச்சல் விட்டது.

அப்புறம் மழைக்காலத்தில் மறுபடி வந்தது. அப்போது ஒரு பிளஸ். எனக்கு ஒருமுறை மூன்று. தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்தில், பிள்ளைகளின் மார்க்கை விசாரிப்பது போல "உங்களுக்கு எத்தனை பிளஸ்?" என்று கேட்டுக்கொள்வார்கள். அம்மா போனில், "ஏங்கண்ணு, அந்த ஊர்ல கொசுவத் தவிர வேற ஒண்ணுமே இல்லியா?" என்பார்.

மகனுக்கு நான்கு வயதில் காய்ச்சல் வந்தபோது அந்த கிளினிக் மூடியிருந்தது. அதனால் வேறு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே தகடு இல்லை. கர்ப்பத்துக்குப் பார்க்கும் பட்டை போல ஒரு பட்டை, அதில் ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிடம் காத்திருப்பு. ஒரே கோடு. மலேரியா இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு சுடுகிறது, இல்லை என்றால் எப்படி? "மாத்திரையாவது எழுதிக் கொடுங்கள்" என்றேன். வயதான டாக்டர் அவர். பதில் சொல்லாமல் குழந்தையின் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், மூச்சை எண்ணினார். அத்தனை பிளஸ் வாங்கிய எங்கள் யாருடைய தொண்டையையும் அதுவரை எவரும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த ஊரில் மலேரியா என்று சீட்டு வாங்குபவர்களில் பெரும்பாலானோருக்கு மலேரியாவே இல்லை என்றார் டாக்டர். நம்ப முடியாமல் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இதே ஊரில் 12 மருத்துவ நிலையங்களில் வழக்கம்போல் பரிசோதித்த 1,105 ரத்தத் தகடுகளை வாங்கி, தேர்ந்த கைகளிடம் கொடுத்து மறுபடி பார்க்க வைத்திருக்கிறார்கள். முதலில் பார்த்தவர்கள் நூற்றில் 53 பேருக்கு மலேரியா என்றிருந்தார்கள். மறுபடி பார்த்தபோது நூற்றுக்கு 2. இது 2011இல் வெளியான ஆய்வு. எங்கள் வீட்டு பிளஸ்களில் எத்தனை உண்மையோ!

குழந்தைகள் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். தார் எஸ் சலாமிலும், உள்ளே கிலொம்பேரோ பள்ளத்தாக்கில் இருக்கும் இஃபகாராவிலும் காய்ச்சலோடு வந்த 1,005 குழந்தைகளை ஒரு குழு அலசியது. 2014இல் முடிவு வெளியானது. மலேரியா இருந்தது 10.5 சதவீதம் பேருக்கு. சளி, இருமல், தொண்டை, நெஞ்சு என்று மூச்சு சம்பந்தப்பட்ட தொற்று 62 சதவீதத்துக்கும் மேல். பெரும்பாலும் வைரஸ். அதாவது கோயம்புத்தூர் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு "வைரல் ஃபீவர்" என்று சொல்வாரே, அதே சமாச்சாரம்தான்.

இத்தனை கொசு இருந்தும் ஏன் இப்படி? இங்கே மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவுக்குப் பெரும்பாலும் வெயில் படும் தெளிந்த தண்ணீர் வேண்டும். நகரத்துச் சாக்கடையில் பெருகி ராத்திரி காதருகே ரீங்காரமிடுவது முக்கால்வாசி கியூலெக்ஸ். பகலில் கடிக்கும் ஏடிஸோ டெங்குவைக் கொண்டுவரும். 2014லும் 2019லும் இந்த ஊர் டெங்குவில் படுத்தெழுந்தது. அதற்காக மலேரியா இல்லாத ஊர் என்று சொல்ல முடியாது. ம்சிம்பாசி ஆற்றங்கரைப் பள்ளங்களிலும் கீரைப் பாத்திகளிலும் அனாஃபிலிஸ் வளர்கிறது. ஊருக்குள்ளேயே தெருவுக்குத் தெரு கணக்கு மாறும்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மலேரியா அதிகமுள்ள கிராமங்களில் பெரியவர்களுக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். ரத்தத்தில் கிருமி இருந்தாலும் நடமாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்து பட்டையில் இரண்டு கோடு விழுந்தாலும், காய்ச்சலுக்குக் காரணம் அதுதானா என்று யோசிக்க வேண்டும். "உங்கள் கணவர் விஷயம் வேறு. அவருக்குக் கோடு விழுந்தால் உடனே ஓடி வாருங்கள்."

அதன் பிறகு நாங்கள் ஒழுங்காகிவிட்டோம். காய்ச்சல் என்றால் முதலில் பட்டை. தாதாவுக்கு இதில் உடன்பாடில்லை. "போலே" என்பாள், பாவம் என்கிற மாதிரி. காய்ச்சலுக்கா, பட்டையை நம்பும் எங்களுக்கா என்று தெரியாது.

போன ஜூனில் என் கணவர் இஃபகாரா பக்கம் நெல்வயலில் பம்பு மாட்ட எட்டு நாள் தங்கிவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினோம். சிங்காநல்லூர் வீட்டில் ஐந்தாம் நாள் அவருக்கு நடுக்கம். தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, "வைரல்தாங்க, ஊரெல்லாம் இருக்குது" என்று பாராசிட்டமால் எழுதினார். "நாங்கள் ஆப்பிரிக்காவில் இருந்து வந்திருக்கிறோம், மலேரியா பார்க்க வேண்டும்" என்று நான் நின்றேன். "அந்த ஊருல இருந்துட்டு எதுக்கெடுத்தாலும் மலேரியான்றீங்க" என்று சிரித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் லேபுக்குப் போனோம். சாயங்காலமே போன் வந்தது: ஃபால்சிபாரம். சில நாட்களிலேயே ஆளைக் கொல்லக்கூடிய மலேரியா வகை. ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் மாநகராட்சி சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார்கள். மாமியார் மூச்சு வாங்கப் படியேறிப் பின்னாலேயே போனார்.

"ஏனுங்க, அவன் ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டாந்துருக்கறான், நீங்க எந்தொட்டியத் தொறந்து பாக்கறீங்க? போன வாரந்தானுங்க கழுவுனது!"

"எங்கிருந்து வந்ததுன்னு தெரியுமுங்கம்மா. இனி எங்க போகும்னு பாக்கத்தான் வந்தோம்" என்றார் மூத்தவர், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி.