பழைய ஜீப்பைக் கட்டி இழுப்பதற்கு முன்

தனுஷ்கோடி பக்கம் நின்றுபோன பழைய ஃபோர் வீல் ஜீப்பை ராமநாதபுரம் வரை இழுக்க, கியரை நியூட்ரலில் போட்டால் மட்டும் போதாது. கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அதன் லிவரால் நியூட்ரலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டைச் சுற்றும். இன்ஜின் ஓடாததால் கீழே உள்ள பல்சக்கரங்கள் ஆயிலை வாரி மேலே அடிக்காது. பேரிங் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

சோதனை எளிது: மெயின் கியரை ஃபர்ஸ்ட்டில் போட்டு, கிளட்ச்சை மிதிக்காமல் வண்டியைத் தள்ளுங்கள். லேசாக உருண்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில்தான் இருக்கிறது; அதே கியரிலேயே இழுக்கலாம். லிவர் தேய்ந்து சந்தேகமாக இருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடுங்கள். டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் உள்ள உருண்டை) பக்கம் பெரும்பாலும் 4 போல்ட்தான், ஆனால் உப்புக்காற்றில் இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடணும். ஃபிளாஞ்சில் (போல்ட் மாட்டும் தட்டில்) பெயின்ட் குறி வைக்காமல் கழற்றினால் பிறகு அதிரும். முன் சக்கரங்களின் நடுவில் உள்ள ஹப்களை, சக்கரம் அச்சை இழுக்காமல் சுற்றும்படி ஃப்ரீயில் வையுங்கள். ஃப்ரீ ஹப் இல்லாத வண்டியில் முன் ஷாஃப்ட்டும் கழல வேண்டும்.

கொக்கி மாட்டும் சேஸிஸ் முனையைச் சுத்தியலால் தட்டுங்கள். ‘டொக்’கென்று மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு, அங்கே மாட்டாதீர்கள்.

கயிறு வேண்டாம், இரும்பு டோ பார்தான். பின்வண்டியில் ஆள் இருக்கணும், ஸ்டீயரிங் லாக் விழாதபடி சாவி திறந்தே இருக்கணும். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல் மாதிரி இருக்கும். பாம்பன் பாலத்து இறக்கத்தில் அது தெரியும். 25 கி.மீ. வேகம் போதும்.

பத்து நிமிடத்தில் நிறுத்தி நான்கு டிரம்மிலும் புறங்கையை அருகே காட்டுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே வீல் சிலிண்டர் (பிரேக் ஷூவைத் தள்ளும் சிறு உருளை) பிடித்திருக்கலாம்.