கொட்டாஞ்சேனை ஓட்டோத் தரிப்பிடத்தில் கேட்டது

வெளிநாட்டு வேலை என்று சொல்லி மலையகத்திலிருந்தும் வடக்கு, கிழக்கிலிருந்தும் அழைத்து வரப்படும் பெண்கள் கொழும்பில் இறங்கியதும் முதலில் ஏறுவது ஒரு முச்சக்கரவண்டியாக இருக்கலாம். கொட்டாஞ்சேனையில் நான் வழக்கமாகச் செல்லும் ஓட்டோ அண்ணன் சென்ற வாரம் ஒன்றைச் சொன்னார். புறக்கோட்டையில் ஏறிய இளம்பெண்ணின் கடவுச்சீட்டு உடன் வந்தவரின் சட்டைப்பையில் இருந்தது, "எந்த நாட்டுக்குத் தங்கச்சி?" என்று இவர் கேட்டபோது, அவள் பதில் சொல்லாமல் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாளாம். "யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இறக்கிவிட்டு வந்துவிட்டேன்" என்றபோது அவருடைய குரல் தழுதழுத்தது.

2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் ஆட்கடத்தல், அதாவது ஏமாற்றியோ வற்புறுத்தியோ ஆட்களைச் சுரண்டலுக்காகக் கொண்டு செல்வது, நமது தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றமாக உள்ளது. சிறுவர் தொடர்பில் 1929, வெளிநாட்டு வேலைவாய்ப்புத் தொடர்பில் 1989 ஆகிய இலக்கங்களுக்கு எவரும் அழைக்கலாம். ஆனால் அந்தத் தரிப்பிடத்தில் நின்ற ஆறு சாரதிகளில் ஒருவருக்கே அவற்றில் ஒன்று தெரிந்திருந்தது. ஆட்கடத்தலை அடையாளங்காண இந்தச் சாரதிகளுக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சி என்றால் மண்டபமும் விரிவுரையும் தேவையில்லை. சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புவது, தொலைபேசியைப் பறித்து வைத்திருப்பது, கேள்விக்கெல்லாம் வேறொருவரே பதில் சொல்வது போன்ற அறிகுறிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அவர்களோடு இருந்து பேசினால் போதும். சாரதி துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை, அது பெண்ணுக்கே ஆபத்தாகலாம். இடத்தையும் நேரத்தையும் நினைவில் வைத்து அறிவித்தாலே பெரிய உதவி. அண்ணன் இப்போது இரு இலக்கங்களையும் கண்ணாடிக்கருகே எழுதி ஒட்டியிருக்கிறார். வரும் ஞாயிறு மற்ற ஐவரையும் சந்திக்கிறோம்.